முதுகு வலி வராமல் எடைப் பயிற்சி செய்வது எப்படி? டெட்லிஃப்ட், ஸ்குவாட் செய்வோர் கவனிக்க வேண்டியவை

திருப்பதி: உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த சில வாரங்களிலேயே கீழ் முதுகில் பிடிப்பு ஏற்பட்டு, பயிற்சியைப் பாதியில் கைவிடுவோர் பலர். "எடை தூக்கினால் முதுகெலும்பு போய்விடும்" என்ற அச்சம் பெற்றோரிடையே நிலவுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், முறையாகச் செய்யப்படும் வலிமைப் பயிற்சி முதுகைக் காக்கும் என்பதே மருத்துவ உலகின் இன்றைய நிலைப்பாடு. எத்தனை கிலோ தூக்குகிறோம் என்பதைவிட, அந்த எடையை உடலின் எந்தப் பகுதி சுமக்கிறது, அதற்கு அப்பகுதி பழகியிருக்கிறதா என்பதே முக்கியம்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61.9 கோடி பேர் கீழ் முதுகு வலியால் பாதிக்கப்பட்டிருந்தனர். 2050ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 84.3 கோடியாக உயரக்கூடும் என அந்த அமைப்பு மதிப்பிட்டுள்ளது. நாள்பட்ட கீழ் முதுகு வலிக்காக 2023 டிசம்பரில் அது வெளியிட்ட வழிகாட்டுதலில், பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை முறைகளுள் உடற்பயிற்சித் திட்டங்களும் இடம்பெற்றன. முதுகு வலிக்குப் பயந்து உடலை அசைக்காமல் இருப்பது தீர்வாகாது என்பதை இது உணர்த்துகிறது.

ஆந்திரப் பிரதேசத்துக்கும் பளுதூக்குதலுக்கும் உள்ள உறவு புதிதன்று. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ எடைப்பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையை அடைந்த கர்ணம் மல்லேஸ்வரி இம்மாநிலத்தைச் சேர்ந்தவர். சித்தூரை அடுத்துள்ள தமிழ்நாட்டின் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014 மற்றும் 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றவர். இத்தகைய வீரர்களைப் பார்த்து எடைப் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள், அவர்கள் தூக்கிய எடையைக் கவனிக்கும் அளவுக்கு, தூக்கிய முறையைக் கவனிப்பதில்லை.

மீராபாய் சானுவின் அனுபவம்

முதுகு வலி தொடக்க நிலையில் இருப்போரை மட்டும் தாக்குவதில்லை. மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு, 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் அனஹெய்ம் நகரில் 48 கிலோ எடைப்பிரிவில் 194 கிலோ தூக்கி உலக சாம்பியன் ஆனார். 2018 ஏப்ரலில் காமன்வெல்த் தங்கமும் வென்றார். அதன்பின் ஏற்பட்ட கீழ் முதுகு வலியால், அதே ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரால் பங்கேற்க இயலவில்லை. 2019 பிப்ரவரியில்தான் தாய்லாந்தில் நடந்த போட்டியின் மூலம் அவர் களத்துக்குத் திரும்பினார்.

2020 அக்டோபரில் அவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்று, இயன்முறை மருத்துவரும் வலிமைப் பயிற்சியாளருமான ஆரன் ஹார்ஷிக்கிடம் பயிற்சி பெற்றார். உடலின் தசைகளுக்கிடையே இருந்த வலிமைச் சமமின்மையைச் சரிசெய்வதும், தூக்கும் முறையைச் செம்மைப்படுத்துவதுமே அப்பயிற்சியின் நோக்கமாக இருந்தது. 2021 ஏப்ரலில் தாஷ்கெண்ட் ஆசிய சாம்பியன்ஷிப்பில், கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 119 கிலோ தூக்கி அவர் உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு ஜூலை 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார்.

உலக சாம்பியனே தன் எடையைக் குறைத்து, அடிப்படை அசைவுகளுக்குத் திரும்ப நேர்ந்தது. மூன்று மாதம் பயிற்சி செய்தவர் அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

முதுகில் நடப்பது என்ன?

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ் முதுகில் 5 என மொத்தம் 24 அசையும் முள்ளெலும்புகள் நம் முதுகெலும்பில் உள்ளன. அவற்றுக்கிடையே அதிர்வைத் தாங்கும் மெத்தை போல டிஸ்க் எனப்படும் ஜவ்வுகள் அமைந்துள்ளன. மேலுடலின் சுமை முழுவதும் இறங்கி வந்து சேரும் இடம் என்பதால், கீழ் முதுகின் கடைசி இரண்டு டிஸ்க்குகளே பெரும்பாலும் பாதிப்புக்கு உள்ளாகின்றன.

டிஸ்க்கின் மீதான அழுத்தம் உடலின் நிலைக்கு ஏற்ப மாறுகிறது. ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், தன்னார்வலர்களின் டிஸ்க்கினுள் உணர்கருவியைச் செலுத்தி 1960களில் தொடங்கி அளவீடுகளை மேற்கொண்டார். நிமிர்ந்து நிற்கும்போது இருப்பதைவிட, முன்னோக்கிக் குனிந்து நிற்கும்போது அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவும், குனிந்த நிலையில் கையில் எடையும் இருந்தால் இரண்டு மடங்குக்கு மேலாகவும் உயர்வதை அவரது ஆய்வுகள் காட்டின.

இதற்கான காரணம் எளிய நெம்புகோல் விதியே. முதுகெலும்பை நிமிர்த்தும் தசைகள், அதன் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் உள்ளன. 20 கிலோ எடையை உடலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அதைச் சமன்செய்ய அத்தசைகள் 200 கிலோவுக்கு இணையான விசையைச் செலுத்த வேண்டும். அதே எடையை 20 சென்டிமீட்டர் அருகே கொண்டுவந்தால் 80 கிலோவுக்கு இணையான விசை போதும். மேலுடலின் எடை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. எடையில் ஒரு கிராம்கூட மாறாத நிலையில், முதுகின் சுமை மட்டும் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது.

குனிவதே தவறா?

முதுகைச் சற்றும் வளைக்கக் கூடாது என்ற அறிவுரை பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால், எடை தூக்கும்போது கீழ் முதுகு வளைவதற்கும் முதுகு வலிக்கும் நேரடித் தொடர்பு இருப்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என, பல ஆய்வுகளைத் தொகுத்து 2020ஆம் ஆண்டு வெளியான மருத்துவ ஆய்வறிக்கை ஒன்று தெரிவித்தது. அனுபவம் மிக்க வீரர்களின் முதுகும் எடை தூக்கும்போது ஓரளவு வளையவே செய்கிறது. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

கவனம் தேவைப்படுவது வேறொரு சூழலில். உடல் பழகாத பெரிய எடை கையில் இருக்கும்போது, சோர்வின் காரணமாக முதுகின் நிலை திடீரென மாறினால், தொடையும் பிட்டமும் சுமக்க வேண்டிய எடை தயாராக இல்லாத கீழ் முதுகின் மீது இறங்கிவிடுகிறது. சரியான முறை என்று பயிற்சியாளர்கள் வலியுறுத்துவது, இந்த இடமாற்றம் நிகழாமல் பார்த்துக்கொள்வதையே.

டெட்லிஃப்ட்: இடுப்பில் மடங்குங்கள்

தரையில் உள்ள எடையை நின்ற நிலைக்குத் தூக்கும் டெட்லிஃப்ட், முதுகு வலிக்காக அதிகம் பழிசுமத்தப்படும் பயிற்சியாகும். இதைக் கற்கும் முன், இடுப்பு மூட்டில் மடங்கப் பழக வேண்டும். ஒரு நீளமான குச்சியை முதுகின் பின்னால் நிறுத்தி, பின்தலை, மேல்முதுகு, இடுப்பின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் அது தொடும்படி பிடித்துக்கொள்ளுங்கள். முழங்காலை இலேசாக மடக்கி, பிட்டத்தைப் பின்னோக்கித் தள்ளியபடி குனியுங்கள். மூன்றில் ஓர் இடத்தில் குச்சி விலகினாலும், இடுப்புக்குப் பதிலாக முதுகு மடங்குகிறது என்று பொருள். குச்சி விலகாமல் பத்து முறை செய்ய முடிந்த பிறகே எடையைத் தொட வேண்டும்.

பின்னர் கடைப்பிடிக்க வேண்டிய படிகள்:

* கம்பி, பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருக்கட்டும். கணுக்காலுக்கும் கம்பிக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி போதும்.
* இடுப்பைப் பின்னோக்கித் தள்ளிக் குனிந்து, தோள் அகலத்தில் கம்பியைப் பிடியுங்கள். அக்குளில் ஒரு துணியை இடுக்கிக்கொண்டிருப்பது போல் கைகளை உடலோடு இறுக்குங்கள்.
* கம்பியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். முதலில் இறுக்கம் உண்டாகும் அளவுக்கு இழுத்து, பின்னர் தரையைக் காலால் அழுத்தித் தள்ளுவது போல் எழுங்கள்.
* கம்பி காலை உரசியபடியே மேலேற வேண்டும். அது முன்னே விலகினால் முதுகின் சுமை கூடுகிறது.
* நிமிர்ந்த பின் உடலைப் பின்னோக்கி வளைக்க வேண்டாம். நேராக நின்றால் போதும்.
* இறக்கும்போதும் இடுப்பைப் பின்னோக்கித் தள்ளியே இறக்குங்கள். தூக்கி முடித்துவிட்டோம் என்ற அலட்சியத்தில் முதுகு வளைவது இந்த நேரத்தில்தான்.

சிறிய உடற்பயிற்சிக் கூடங்களில் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. போட்டிகளில் பயன்படுத்தப்படும் பெரிய எடை வட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர். எனவே கம்பி தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். தொடக்க நிலையில் உள்ளவர் 5 கிலோ, 10 கிலோ கொண்ட சிறிய இரும்பு வட்டுகளைப் பொருத்தும்போது கம்பி அதைவிடத் தாழ்வாக இருக்கும். அதை எட்டிப் பிடிக்கவே முதுகை வளைக்க வேண்டியதாகிறது. இரண்டு பக்கமும் மரப்பலகையோ கூடுதல் வட்டுகளோ வைத்துக் கம்பியை உயர்த்திக்கொண்டால் இச்சிக்கல் தீரும்.

ஸ்குவாட்: எவ்வளவு ஆழம்?

குத்துக்காலிட்டு அமர்வது நம் ஊர்களில் பழக்கமான செயல் என்றாலும், நாற்காலியிலேயே பொழுதைக் கழிப்போருக்கு அது கடினமாகிவிட்டது. குதிகால் தரையில் பதிந்த நிலையில் குத்துக்காலிட்டு அமர முடியாதவர்கள், நேரடியாகக் கம்பியைத் தோளில் ஏற்றுவது நல்லதன்று. அவர்கள் ஒரு டம்பெல்லை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அமர்ந்து எழும் பயிற்சியில் தொடங்கலாம். எடை முன்னால் இருப்பதால் மேலுடல் இயல்பாகவே நிமிர்ந்து நிற்கும்.

கம்பியுடன் செய்யும்போது, அது கழுத்து எலும்பின் மீது படாமல், மேல்முதுகின் தசைத் திரட்சி மீது அமர வேண்டும். பாதங்கள் தோள் அகலத்தில், விரல்கள் சற்று வெளிநோக்கி இருக்கட்டும். அமரும்போது முழங்கால்கள் பாத விரல்கள் காட்டும் திசையிலேயே செல்ல வேண்டும். உட்புறம் சாயக் கூடாது. ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் இடுப்பெலும்பு உள்நோக்கிச் சுருண்டு, கீழ் முதுகு வளையத் தொடங்கும். அந்த இடத்துக்குச் சற்று மேலேயே நிறுத்திக்கொள்வதுதான் இப்போதைக்கு உங்களுக்கான ஆழம். பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

எழும்போது பிட்டம் முதலில் உயர்ந்து, மார்பு பின்தங்கினால், கால்களின் வேலையை முதுகு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். எடையைக் குறைப்பதற்கான அறிகுறி அது. மெத்தென்ற ஓட்டக் காலணிகள் எடையின் கீழ் நசுங்கித் தடுமாற்றம் தரும் என்பதால், தட்டையான கெட்டியான அடிப்பாகம் கொண்ட காலணியே ஏற்றது.

தலைக்கு மேல் எடை தூக்கும் பயிற்சியில் இடுப்பை முன்தள்ளி முதுகைப் பின்னால் வளைப்பதும், கால்களால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் இயந்திரத்தில் இடுப்பு இருக்கையிலிருந்து எழும்பும் அளவுக்கு முழங்காலை மடக்குவதும் பரவலாகக் காணப்படும் பிற தவறுகள்.

மூச்சும் இடுப்புப் பட்டையும்

எடையைத் தூக்கும் முன் வயிறு நிறைய மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவதைத் தாங்குவது போல் சுற்றிலும் தசையை இறுக்க வேண்டும். இதனால் வயிற்றறையில் உண்டாகும் அழுத்தம், காற்று நிரப்பிய டயர் போல முதுகெலும்புக்கு உள்ளிருந்து ஆதரவு தருகிறது. கடினமான கட்டத்தைத் தாண்டிய பிறகு மூச்சை விடலாம். எனினும், மூச்சை அடக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று உயரும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் இம்முறையைத் தவிர்த்து, மருத்துவரின் ஆலோசனைப்படி குறைந்த எடையில், மூச்சை விட்டபடி தூக்க வேண்டும்.

இடுப்புப் பட்டை அணிந்துவிட்டால் முதுகு பாதுகாப்பாக இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. வயிற்றுத் தசை அழுத்துவதற்கு ஒரு பிடிமானமாக மட்டுமே பட்டை உதவும். தசையை இறுக்கத் தெரியாதவருக்கு அதனால் பயன் குறைவு. தவறான முறையை அது திருத்தவும் செய்யாது.

எப்போது நிறுத்த வேண்டும்?

முதல் ஐந்து முறை சரியாகத் தூக்குபவர்கூட, எட்டாவது முறையில் தடுமாறலாம். எனவே, இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திக்கொள்வது தொடக்க நிலையினருக்குப் பாதுகாப்பானது. அடுத்த எடைக்குச் செல்ல ஓர் எளிய விதியைப் பின்பற்றலாம். ஓர் எடையை 8 முறை வீதம் மூன்று சுற்றுகள், முறை பிசகாமல் தூக்க முடிந்தால் 10 முறைக்கு உயர்த்துங்கள். பத்தும் எளிதானால், அடுத்த வாரம் 2.5 கிலோ கூட்டி மீண்டும் 8 முறையிலிருந்து தொடங்குங்கள்.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குத் தொடைத் தசைக் காயத்துடன் சென்ற சதீஷ் சிவலிங்கம், 317 கிலோ தூக்கித் தங்கம் உறுதியானதும், தமக்கு மீதமிருந்த கடைசி வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை. தேவையற்ற எடையைத் தொடாமல் விடுவதும் இவ்விளையாட்டில் ஒரு திறமைதான்.

அதிகாலைப் பயிற்சியில் எச்சரிக்கை

திருப்பதி, சித்தூர் பகுதிகளில் கோடை வெயிலைத் தவிர்க்கப் பலரும் அதிகாலையில் பயிற்சி செய்கின்றனர். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். காலையில் நம் உயரம் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கும், எழுந்தவுடன் குனியும்போது முதுகு விறைப்பாக இருப்பதற்கும் இதுவே காரணம். நாள்பட்ட வலி உள்ளவர்கள் காலை நேரத்தில் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்ததாக, 1998இல் 'ஸ்பைன்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. எனவே, எழுந்து ஒரு மணி நேரமாவது கடந்த பின்னரே டெட்லிஃப்ட் போன்றவற்றைச் செய்வது நல்லது. அதற்கு முன் ஐந்து முதல் பத்து நிமிட நடை, பின்னர் வெறும் கம்பியுடன் ஒரு சுற்று, பாதி எடையுடன் ஒரு சுற்று எனப் படிப்படியாக ஏற வேண்டும். வெறும் கம்பியே 20 கிலோ இருக்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டிலும் வேலையிலும்

அமெரிக்காவின் தேசிய தொழிற்பாதுகாப்பு நிறுவனம் வகுத்த கணக்கீட்டில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் கையால் தூக்குவதற்குப் பரிந்துரைக்கப்படும் உச்ச அளவு 23 கிலோ. எடை உடலிலிருந்து விலகியிருந்தாலோ, தரைமட்டத்தில் இருந்தாலோ, உடலைத் திருப்பித் தூக்க நேர்ந்தாலோ இந்த அளவு மேலும் குறையும். நம் வீடுகளில் உள்ள 20 லிட்டர் தண்ணீர் கேன் இந்த எல்லையை நெருங்குகிறது. 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய சமையல் சிலிண்டர், உருளையின் எடையையும் சேர்த்தால் இதைத் தாண்டிவிடுகிறது. மாம்பழ மண்டிகளிலும் கூழ் ஆலைகளிலும் நாள் முழுவதும் கூடைகளைத் தூக்கி அடுக்கும் தொழிலாளர்கள் இதை மேலும் நன்கு அறிவர்.

இங்கும் விதிகள் மாறுவதில்லை. பொருளை உடலோடு அணைத்துக்கொள்ள வேண்டும். இடுப்பையும் முழங்காலையும் மடக்கி எழ வேண்டும். எடையுடன் திரும்ப நேர்ந்தால் இடுப்பை முறுக்காமல், பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும். அலிபிரி வழியாக 3,550 படிகளைக் கடந்து திருமலைக்கு நடந்து செல்லும் பக்தர்கள், தேவஸ்தானம் இலவசமாக வழங்கும் உடைமை கொண்டுசெல்லும் வசதியைப் பயன்படுத்திக்கொண்டால் முதுகுச் சுமையைத் தவிர்க்கலாம்.

வலி வந்துவிட்டால்?

எடை தூக்கும்போது திடீரென ஏற்படும் வலியை 'மூச்சுப் பிடிப்பு' என்று கூறி, முதுகை மிதிக்கச் சொல்வதும் சுளுக்கு வழிப்பவரைத் தேடிச் செல்வதும் வழக்கத்தில் உள்ளன. டிஸ்க் பாதிக்கப்பட்டிருந்தால் இது நிலைமையை மோசமாக்கும். சாதாரணத் தசைப்பிடிப்பாக இருந்தால், பெரும்பாலும் சில நாள்கள் முதல் சில வாரங்களில் குறைந்துவிடும். அதுவரை பளுவான எடையைத் தவிர்க்க வேண்டும். ஆனால், முழுநேரப் படுக்கை ஓய்வு குணமடைவதைத் தாமதப்படுத்தும். வலி அனுமதிக்கும் அளவுக்கு நடப்பதே நல்லது. வலி குறைந்த பின் பாதி எடைக்கும் குறைவாகத் தொடங்கி, படிப்படியாகத் திரும்ப வேண்டும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு அதே எடையைத் தூக்குவது, உடல் தரும் எச்சரிக்கையை அணைத்துவிடுவதற்குச் சமம்.

பின்வரும் அறிகுறிகளில் ஏதேனும் இருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

* சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், சிறுநீர் வெளியேறாமை
* பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடைப் பகுதிகளில் மரத்துப்போதல்
* காலில் வலுவிழப்பு, பாதத்தைத் தூக்க முடியாமை
* வலியுடன் காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு
* படுத்தாலும் குறையாத இரவு நேர வலி, விபத்து அல்லது கீழே விழுந்த பின் தோன்றும் வலி

முதல் மூன்றும் நரம்புகள் அழுத்தப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். சில மணி நேரத் தாமதமும் நிரந்தரப் பாதிப்பை ஏற்படுத்தக்கூடும். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை, ஸ்விம்ஸ், தேவஸ்தானத்தின் பேர்ட் எலும்பியல் மருத்துவமனை ஆகியவை உள்ளன. சித்தூர் பகுதி மக்களுக்கு வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் அருகிலேயே உள்ளது.

புதிதாகப் பயிற்சியில் சேர்வோர் முதல் மாதத்தைக் குறைந்த எடையுடன் அசைவுகளைக் கற்பதற்கென்றே ஒதுக்குவது நல்லது. ஏற்கனவே முதுகு வலி, டிஸ்க் பாதிப்பு, எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவரைக் கலந்தாலோசித்த பின்னரே எடைப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.